கை நனைக்காமல் வந்த வீடு

எனக்கு இப்போதெல்லாம் ஒரு வேளைச் சோறு சாப்பிட ஒரு மணி நேரம் ஆகிறது. குழைய வடித்த சோற்றை மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி, ரசமோ மோரோ விட்டுக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பாள் என் மனைவி. வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவாள். கதவைச் சாத்தச் சொன்னது நான்தான். நெல் மூட்டை அடுக்கி வைக்கும் உள் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். தோளில் ஒரு துண்டு, மடியில் ஒரு துண்டு. வாய்க்குள் போனதில் பாதி இடது கடைவாய் வழியாக வெளியே வந்துவிடும். அதை விரலால் வழித்து வழித்து உள்ளே தள்ள வேண்டும். பல் முளைக்காத குழந்தை இதைச் செய்தால் வீடே கூடி ரசிக்கும். பேரன் எடுக்கும் வயதில் இருக்கிற ஆள் செய்தால் யார் கண்ணிலும் படக் கூடாது.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டர். தஞ்சாவூரில் கிளம்பி, பாபநாசம், கும்பகோணம் வழியாகக் குடவாசல் வரும் வண்டியில் பல வருஷம் ஓடினேன். எனக்கு வாய் நீளம் என்று டிப்போவில் எல்லோரும் சொல்வார்கள். படியில் தொங்குகிற காலேஜ் பையன்களை, "ஏன் தம்பி, உள்ள வந்தா அழகு கொறைஞ்சிருமா?" என்று கேட்டே உள்ளே இழுத்துவிடுவேன். சில்லறை இல்லாமல் ஏறுகிறவர்களிடம் சண்டை போட்டு, இறங்கும்போது சமாதானமாகி, அவர்கள் வீட்டு விசேஷத்துக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைக்கச் சொந்தக்காரர்களுக்குள் போட்டி நடக்கும். அவ்வளவு பேச்சு, அவ்வளவு சாப்பாடு.

விடியற்காலையில் முதல் டிரிப் எடுக்கிறவனுக்குக் கண் சொக்கும். சொக்காமல் இருக்கப் பாக்கெட் புகையிலையைக் கிள்ளி இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வேன். பிறகு சொக்காத நேரத்திலும் ஒதுக்கிக்கொண்டேன். கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. காரம் பட்டால் எரிந்தது. உடம்புச் சூடுதான் என்று மனைவி மணத்தக்காளிக் கீரையாக ஆக்கிப் போட்டாள். நான் மருந்துக்கடையில் சத்து மாத்திரை வாங்கி விழுங்கினேன். திட்டு புண்ணாகி, புண் கட்டியாகி, வாயைத் திறக்க முடியாமல் போனபோதுதான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எவ்வளவு வருஷமா போடுறீங்க?" என்று கேட்டார். பக்கத்தில் மனைவி நின்றாள். "எப்பவாவது போடுறதுதாங்க" என்றேன். அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். பாக்கெட் நுனி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நிலைமையிலும் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

கன்னத்தின் உட்பக்கத்தையும் தாடையில் ஒரு துண்டையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். நெஞ்சிலிருந்து சதையும் தோலும் கொண்டுவந்து கன்னத்துக்குள் வைத்துத் தைத்தார்கள். மூக்கில் ஒரு குழாய். அதன் வழியாகக் கஞ்சித் தண்ணீர் போகும். டிப்போவிலிருந்து நண்பர்கள் பார்க்க வந்தார்கள். எல்லோர் கையிலும் ஆப்பிள். குழாயில் ஆப்பிளை எப்படி ஏற்றுவது என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது, ஆனால் பேச்சு வரவில்லை. அவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார்கள். நானும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ரேடியேஷன். என் முகத்தின் அச்சில் வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை செய்து, அதைப் போட்டு மேஜையோடு இறுக்கிவிடுவார்கள். தினமும் ஊரிலிருந்து நான் ஓடிய அதே வழித்தடத்தில்தான் போய் வந்தேன். எச்சில் வற்றி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சர்க்கரையும் சாம்பலும் ஒரே ருசியாகிவிட்டன. நெஞ்சிலிருந்து எடுத்த தோல் என்பதால் கன்னத்துக்குள் முடி முளைத்திருந்தது, ரேடியேஷனில் அதுவும் கொட்டிவிட்டது. இதை மட்டும் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாய்க்குள் மயிர் முளைத்தவன் என்று எப்படிச் சொல்வது?

நோய் போய்விட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்தேன். இறுகிப்போன வாயைத் திறக்க ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஐஸ் குச்சிகளை அடுக்காகப் பல்லுக்கு நடுவில் செருகி, வலி பொறுக்கப் பொறுக்க நடுவில் இன்னொரு குச்சியைத் தள்ள வேண்டும். அதைச் செய்தேன். ஆனால் உதட்டின் இடது பக்கம் மூடவே இல்லை. விசிலை வைத்து ஊதினால் காற்று பக்கவாட்டில் போய்விடும். "பாபநாசம்" என்று சொல்லிப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. டிப்போவில் எனக்கு நாற்காலி வேலை கொடுத்துவிட்டார்கள். நல்லவேளை, கொரோனாவுக்குப் பிறகு மாஸ்க் போட்ட ஆளை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மூக்குவரை இழுத்து மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் குடவாசல் கடைத்தெருவில் டீ குடிக்க ஆசை வந்தது. பழக்கப்பட்ட கடை. மாஸ்க்கை இறக்கி ஒரு வாய் உறிஞ்சினேன். சோறாவது பரவாயில்லை, தண்ணியாக இருப்பதுதான் எனக்கு எமன். பாதி புரையேறும், பாதி வழியும். டீ கடைவாய் வழியாக இறங்கி, பக்கத்தில் ஒருத்தர் விரித்திருந்த பேப்பரில் கொட்டியது. அவர் எழுந்து எதிர் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். கடைக்காரர் உள்ளே பார்த்து, "அண்ணனுக்கு இனிமே பேப்பர் கப்புல குடுப்பா" என்றார். ஒட்டிக்கொள்ளும் நோய் என்று நினைத்துவிட்டார் போல.

எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு காலத்தில் டீக்கடையில் தனிக் கிளாஸ். என் அப்பா பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் இரண்டு கையையும் குவித்து நீட்ட வேண்டும், சொம்பு கைக்கு வராது, உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். அதையெல்லாம் தாண்டித்தான் நான் கண்டக்டரானேன், சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் ஆயிற்று. அந்தக் கடையில் கண்ணாடிக் கிளாஸில் டீ குடிப்பதே எனக்கு ஒரு பெருமையாக இருந்தது. அன்றைக்குப் பேப்பர் கப் என்றதும் அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மனிதர்கள் எதிரில் ஒரு பருக்கைகூட வாயில் வைத்ததில்லை. வாசலில் ஆள் நின்றால் உள்ளே பட்டினி கிடப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் மகள் அந்தப் பையனைப் பற்றிச் சொன்னாள்.

ஒரே மகள். திருவாரூரில் ஒரு வங்கியில் வேலை. பையன் அதே கிளையில் இருக்கிறான். முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர். அப்பா படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர், அம்மா கூடையில் மீன் விற்றுப் பையனைப் படிக்க வைத்தவர். அவர்கள் வேறு சாதி, நாங்கள் வேறு. "உங்களுக்குப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிருங்கப்பா, நான் இப்படியே இருந்துக்குறேன்" என்றாள். கட்டினால் அவன், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்பதைத்தான் அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். நான் அவனைப் பார்த்திருந்தேன். தங்கமான பையன். சரி என்றேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். என் வாய் நோய் விஷயம் அந்த வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியக் கூடாது, யாராவது கேட்டால் பல் ஆபரேஷன் என்றால் போதும். பரம்பரை வியாதி என்று சம்பந்தத்தைத் தட்டிவிடுவார்கள் என்று மகளிடம் சொன்னேன். உண்மையில் எனக்கு வெட்கம்.

முதலில் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெண் கொடுக்க எடுக்கிற பேச்சில், மனசுக்குப் பிடித்தால்தான் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்லவே வேண்டாம், சாப்பிடாமல் எழுந்து போனால் எல்லோருக்கும் புரிந்துவிடும். அவர்கள் இலையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். பையனின் அப்பா எங்கள் பொன்னி அரிசிச் சோற்றை மூன்றாம் முறை கேட்டு வாங்கினார். நான் மாஸ்க்கோடு பரிமாறுகிற சாக்கில் சுற்றிச் சுற்றி வந்து தப்பித்தேன். அடுத்து நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கை நனைக்க வேண்டும். அது முடிந்தால் தேதி குறிக்கலாம்.

ஒரு வளர்பிறைப் புதன்கிழமை நானும் மனைவியும் அவள் அண்ணனும் வேன் பிடித்துப் போனோம். தாய்மாமன் என்பதால் மச்சான் வர வேண்டும். வழி முழுக்க எனக்கு ஒரே யோசனைதான். பேச்சு முடிந்ததும் வயிறு சரியில்லை என்று சொல்லிவிடலாமா, இல்லை பரிமாறுகிற பக்கம் போய் நின்றுகொள்ளலாமா? அடுத்தவர் வீட்டில் நான் எப்படிப் பரிமாறுவது என்பதுகூட உறைக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்காமல் போகிற பையன் மாதிரி இருந்தது என் நிலைமை.

அவர்கள் தடபுடலாகச் செய்திருந்தார்கள். கொடுவாய் மீன் குழம்பு, இறால் தொக்கு, நண்டு வறுவல். புதுப் பாய் விரித்துத் தலைவாழை இலை போட்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். பையனின் அம்மா தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வந்து, "கை நனைங்க, எல்லாம் சூடா இருக்கு" என்றார். அத்தனை முகமும் என் பக்கம் திரும்பின. மாஸ்க்குக்கு உள்ளே எச்சில் ஏற்கெனவே இறங்க ஆரம்பித்திருந்தது. இந்த இலையில் நான் துப்பித் துப்பி வழித்து வழித்துத் தின்பதை இத்தனை பேரும் பார்ப்பார்கள். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டது.

"எனக்கு இன்னிக்கு விரதங்க."

"புதன்கிழமையா?" என்றார் அந்த அம்மா.

மச்சான் சட்டென்று, "மாப்ளைக்கு ஒரு வேண்டுதல் இருக்குங்க, அதான்" என்று ஒட்டுப் போட்டார். பையனின் அப்பா எழுந்து வந்தார். "சரிங்க, பரவாயில்ல. விரதத்துக்குத் தண்ணி குடிக்கலாம்ல. ஒரு வாய் தண்ணியாவது குடிங்க." அந்த அம்மா சொம்பை நீட்டினார். தண்ணீர் எனக்கு எமன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதாவது, வேண்டாம் என்று. சொம்பு அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அந்த அம்மா அதைத் தரையில் வைத்தார்.

நான் உட்காராத பந்தியில் என் மனைவியும் மச்சானும் எப்படி உட்காருவார்கள்? இன்னொரு நாள் வருகிறோம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். இலைகள் விரித்தபடியே கிடந்தன. வேனில் திருத்துறைப்பூண்டி தாண்டும்போது மனைவி, "அந்தத் தண்ணியை வாங்கிக் கையிலயாவது வச்சிருக்கலாம்" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் மகள் வேலை முடிந்து வந்தாள். பையைக்கூடக் கழற்றி வைக்கவில்லை. "அவங்க அம்மா வேணாம்னுட்டாங்க" என்றாள்.

அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள். "மீன் கூடையோட பஸ்ஸுல ஏறுனா கண்டக்டருங்க மூக்கைப் பொத்திக்கிட்டு எறங்கு எறங்குன்னு வெரட்டுவாங்க. காலம் பூரா அதைப் பாத்தவ நான். இந்த மனுசன் பொண்ணு குடுக்க வரும்போதே மூக்கை மூடிக்கிட்டுல்ல வந்தாரு. நாங்க அவங்க வீட்டுல சாப்பிட்டோம், பரிமாறும்போது சுத்தத்துக்கு மூடியிருக்காருன்னுதான் நெனச்சேன். எங்க வீட்டுத் தண்ணிகூட அவருக்கு ஆகலை. நாளைக்கு அந்தப் பொண்ணு என் கையால சாப்பிடுமா?"

என் மாஸ்க்! கடைவாயை மறைக்க நான் ஏற்றி மாட்டிய மாஸ்க், அவர்கள் கண்ணுக்கு மீன் நாற்றத்துக்கு மூடியதாகத் தெரிந்திருக்கிறது.

"உண்மையைச் சொல்லிட்டோம்ப்பா" என்றாள் மகள். "ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாத்தையும் அவரே அவங்க அம்மாகிட்ட எடுத்துச் சொன்னாரு. நம்ப மாட்டேங்குறாங்க. வாய்க்கு முடியாதவரு கஞ்சி கேட்டிருந்தா வச்சிக் குடுத்திருப்பேனே, விரதம்னு ஏன் சொல்லணும்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நானும் சத்தம் போட்டிருப்பேன். அவள் பதிலுக்காக நின்றாள். என் அப்பாவின் குவித்த கைகள்தான் ஞாபகம் வந்தன. அவருக்குச் சொம்பை நீட்ட ஆள் இருந்ததில்லை. எனக்கு ஒருத்தர் சொம்பையே நீட்டினார், நான் கும்பிடு போட்டு மறுத்தேன். மற்றவர்களிடம் நாங்கள் பட்ட அவமானத்தையே இன்னொரு வீட்டு நடுக்கூடத்தில் வைத்துச் செய்துவிட்டு வந்திருக்கிறேன். செய்ய நினைத்துச் செய்யவில்லை என்பது அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்? நோய் வந்தபோதுகூட நான் அவ்வளவு கூசிப்போகவில்லை.

மச்சான் போனில் சமாதானம் பேசிப் பார்க்கலாம் என்றார். டாக்டர் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்றார். மனைவி இரண்டையும் கேட்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சோற்றுக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாப்பிடாம வந்த வீட்டுல போய்ச் சாப்பிட்டாத்தான் சரியாகும். இதுல பேச என்ன இருக்கு?" என்றாள்.

"நான் சாப்பிடுறதை அவங்க பாக்கணுமா? அசிங்கமா இருக்காதா?"

இல்லைங்க, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். "அசிங்கமாத்தான் இருக்கு" என்றாள். "ஆஸ்பத்திரியில நான் பாக்கலையா? துண்டைத் தொவைக்கிறது யாரு? அசிங்கமா இருந்தா என்ன, சாப்பாடுதானே."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்து வாசலுக்குப் போனேன். எதிரே வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். வாய் நிறையச் சோற்றோடு ஒருத்தி எதற்கோ சிரித்தாள். பருக்கை தெறித்தது. அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். பொறாமையாக இருந்தது. திரும்பி வந்து, அதே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போகாமல் கூடத்தில் உட்கார்ந்தேன்.

மகளுக்கு அன்றைக்கு லீவு, எதிரில் போனைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். போன் திரை அணைந்து கிடந்தது. நான் சாப்பிட ஆரம்பித்தேன். வழிந்தது, வழித்தேன். புரையேறியது, இருமினேன். என் பெண் இதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவளிடம்கூட மறைத்து வைத்திருந்தேன். அவள் தலையைத் தூக்கவே இல்லை. நான் முடித்ததும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்து வைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் மட்டும் பஸ்ஸில் போனோம். வருகிறோம் என்று சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்றுவிட்டால்? தெருமுனையிலேயே மாஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டேன். ஒரு பக்கம் குழிந்து, ஒரு பக்கம் சதை துருத்திய முகம். வெயில் நேராகக் கன்னத்தில் பட்டபோது துணி இல்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. எதிரே வந்த ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்துவிட்டு அவள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போனாள். திரும்பிப் போய்விடலாம் என்று நின்றேன். மனைவி நிற்காமல் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் நானும் போனேன்.

பையனின் அப்பா வாசலில் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார், வாங்க என்று சொல்லவில்லை. சத்தம் கேட்டு அந்த அம்மா வந்தார். பின்னால் பையன். நான் வழி முழுக்க மனசுக்குள் ஓட்டிப் பார்த்ததைச் சொன்னேன்.

"எனக்கு வாயில புத்துநோய். அறுத்துட்டாங்க. சாப்பிட்டா வழியும். வெக்கப்பட்டுக்கிட்டு விரதம்னு பொய் சொன்னேன்."

அந்த அம்மா என் வாயையே பார்த்தார். "நீங்க சொல்றது விளங்கலைங்க" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே விளங்கவில்லை. புத்துநோய் என்ற வார்த்தையில் உதடு ஒட்ட வேண்டும், எனக்கு ஒட்டாது. மனைவி வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன், ஒவ்வொரு வார்த்தையாக. பேசப் பேச எச்சில் இறங்கி மோவாயில் தொங்கியது. துண்டால் துடைத்துக்கொண்டே சொல்லி முடித்தேன். கடைசியில், "பசிக்குதும்மா, சோறு போடுங்க" என்றேன். அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை, அதுவாக வந்தது.

அவர் உள்ளே போய்ப் பாயை எடுத்து விரித்தார். பிறகு, "உக்காருங்க" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு விருந்தெல்லாம் இல்லை. வடித்த சோறும் காலையில் வைத்த மீன் குழம்பும்தான். கொல்லையில் இலை அறுத்து வந்து போட்டார்கள். நான், மனைவி, பையனின் அப்பா, பையன் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். அந்த அம்மா பரிமாறினார். என் இலையில் மீன் வைக்க வந்தவர் நின்று, ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து முள்ளை எடுக்க ஆரம்பித்தார். நான் சோற்றைப் பிசைந்து கூழாக்கினேன். முதல் வாயிலேயே காரம் தீயாக ஏறியது. ரேடியேஷன் பட்ட வாய்க்கு மிளகாய் ஆகாது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. காரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இந்த வீட்டில் இனி எதையும் வேண்டாம் என்று சொல்வதாக இல்லை.

நினைத்ததைவிட மோசமாகத்தான் போனது. சோறு கடைவாயில் தேங்கி இலையில் விழுந்தது. விரல் விட்டு வழித்தேன். இருமியதில் சட்டை முழுக்கக் குழம்பு. துண்டு மஞ்சளாகிவிட்டது. மானம் போகிறது, போகிறது என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் யாராவது முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்க்க வேண்டி வரும்.

இலையில் பாதி ஆனபோதுதான் பக்கத்தில் சத்தமே இல்லை என்பது உறைத்தது. எல்லோரும் எப்போதோ சாப்பிட்டு முடித்திருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. பந்தியில் ஒருத்தர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இலையை மூடக் கூடாது என்பது வழக்கம்தான். ஆனால் என்னைப் போன்ற ஒருவனுக்காக அதை யார் பார்ப்பார்கள்? நான் நிமிர்ந்து, போங்க, எழுந்திருங்க என்று கையை ஆட்டினேன்.

"நீங்க மெதுவா சாப்பிடுங்க சம்பந்தி" என்றார் பையனின் அப்பா. "எஞ்சின் பிரிச்சுக் கெடக்கு. இன்னிக்கு எங்க கடலுக்குப் போகப் போறோம்?"

சம்பந்தி என்ற வார்த்தையை அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மறுபடி புரையேறியது. அந்த அம்மா சொம்பை எடுத்தார். அன்றைக்குத் தரையில் வைத்த அதே பித்தளைச் சொம்பு. நீட்டினார். நான் வாங்கினேன். அண்ணாந்து ஊற்றினேன். பாதி உள்ளே போனது, பாதி கழுத்து வழியாக நெஞ்சில் இறங்கியது, கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வேட்டியிலும் தெறித்தது. அவர் நகரவில்லை. நான் சொம்பைக் கீழே வைக்காமல் இன்னொரு வாய் குடித்தேன்.

மிச்சச் சோற்றைச் சாப்பிட இன்னும் வெகு நேரம் ஆனது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு இலையை என் பக்கம் மூடினேன். அதற்குப் பிறகுதான் அவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் இலையை மூடினார்கள். எல்லோரும் கொல்லைக் குழாயடிக்குப் போனோம். வெட்கம் எனக்குப் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு விரதம் மாதிரி பொய். இன்றைக்கும் டீக்கடைப் பக்கம் போவதில்லை. ஆனால் அந்தக் குழாயடியில் நான் பட்ட வெட்கம் வேறு. எனக்காகக் காத்திருந்ததில் அவர்கள் கையிலெல்லாம் குழம்பு காய்ந்து இறுகிப் போயிருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.